கோவிந்தன் யாருடைய ஆள்

டிராக்டருக்குப் பாகங்கள் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனியில் கதவடைப்பு வந்தது. திறப்பார்கள், திறப்பார்கள் என்று கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே இருந்த மெஷின்களை லாரியில் ஏற்றுவதைக் கண்ட பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஜம்புலிங்கமும் கோவிந்தனும் உண்டு. இருவரும் வெல்டர்கள். மண்ணூர்பேட்டையில் அடுத்தடுத்த தெரு. அவர்களுடைய அப்பாக்கள் ஒரே பண்ணையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். அந்த வயல்களின் மேல்தான் இப்போது அம்பத்தூர் எஸ்டேட் நின்றது.

வேறு கம்பெனியில் சேரலாம் என்று பார்த்தால், கதவடைப்பில் பந்தலில் உட்கார்ந்தவன் என்று தெரிந்ததும் எந்த கேட்டிலும் சேர்க்கவில்லை. கடைசியில் இருவருமாக ஒரு பழைய கேஸ் செட் வாங்கினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர், கார்பைடு கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டால் கேஸ் வருகிற டேங்க், ரப்பர் குழாய்கள், எல்லாவற்றையும் ஏற்ற ஒரு தள்ளுவண்டி. செட் இருவருக்கும் பொது. வருகிற வேலையும் பொது.

வேலை பேசுவது ஜம்புலிங்கத்தின் பொறுப்பு. அவன் மூத்தவன். செய்வதில் கோவிந்தன் கை வேகம். இதில் தொல்லை என்னவென்றால், ஜம்புலிங்கத்துக்கு வேலை பேசத் தெரியாது. எஸ்டேட்டில் எந்த ஷெட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, எப்போது முடியும் என்பதுதான். மற்றவர்கள் எல்லாரும் நாளைக்கு என்பார்கள். நாளை மறுநாள் போய், கரண்ட் இல்லை, கம்பி கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லி இழுத்துக்கொள்வார்கள். ஜம்புலிங்கம் மேலும் கீழும் பார்த்து, தடவிப் பார்த்து, ஒரு வாரம் ஆகும் என்றால் ஒரு வாரம் என்றே சொல்லுவான்.

கரையான்சாவடியில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர், உடைந்துபோன வார்ப்பிரும்புச் சக்கரத்தை ஒட்டித் தரச் சொன்னார். ஜம்புலிங்கம் விரிசலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, "ஒட்டும் சார். ஆனா நிக்காது. புச்சா வாங்கிடுங்க" என்றான். மில்காரர் சரிப்பா என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது கோவிந்தன் கேட்டான்:

"ஏன் அண்ணாத்தே, ஒட்டிக் குட்த்துட்டு வந்தா இன்னா? ஒடஞ்சா மறுபடி நம்மளத்தான கூப்டுவான்?"

"கூப்டுவான். கூப்ட்டு ஒதைப்பான்."

கோவிந்தன் சிரித்துவிட்டான். அப்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

இப்படிச் சொன்னதால் வேலை வராமலே போய்விடவில்லை. இந்த ஆள் சொன்னால் சொன்னபடி இருக்கும் என்று தெரிந்துகொண்ட சில பேர் தேடிக் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தச் சில பேரை நம்பி இரண்டு குடும்பம் சாப்பிட முடியவில்லை. ஜம்புலிங்கத்துக்குப் பிள்ளையில்லை. அவன் மனைவி குப்பம்மா ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். அவன் அடுப்பு எப்படியோ எரிந்தது. கோவிந்தன் வீட்டில் அப்படியில்லை. அவன் மனைவி நாகவல்லி மூன்றாவது பிரசவத்தில் மெலிந்து படுத்தவள், குழந்தைக்குப் பால் இல்லை. டின் பால் வாங்கிக் கரைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கோவிந்தன் சிரிப்பது குறைந்தது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால், எஸ்டேட்டின் கோடியிலிருந்த வார்னிஷ் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மேனேஜர் இராமகிருஷ்ணன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். பிறகு பின்கட்டுக்கு அழைத்துப்போய் டேங்கைக் காட்டினார். வார்னிஷைக் கரைக்கிற தின்னர் ரொப்பி வைக்கிற இரும்பு டேங்க், ஆள் உயரம். பக்கவாட்டில் தகடு ஒட்டின தையல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. தின்னரை அப்போதுதான் வடித்திருந்தார்கள். பத்தடி தூரத்திலேயே வாசனை கண்ணைக் கரித்தது.

"நாளைக்கு இதில் சரக்கு ரொப்பியாகணும்" என்றார் இராமகிருஷ்ணன்.

"நாளைக்கு ஆவாது சார்" என்றான் ஜம்புலிங்கம். "வெந்நீ வுட்டு நல்லா அலசணும். வாயத் தொறந்து வெச்சு ஆறப் போடணும். அப்பறம் தண்ணி ரொப்பிக்கினுதான் பத்த வெக்கணும். மூணு நாளு வோணும். இல்லாட்டி உள்ள நிக்கிற ஆவி புடிச்சுக்கும்."

"எனக்கும் தெரியும்பா. நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கேன்." அவர் கோபப்படவில்லை. "ஆனா மூணு நாள் இல்லையே. மேலிடத்துல நெருக்குறாங்க. ஓரத்துல சின்னதா ஒரு பொட்டு வெச்சா அடங்கிடும்."

"அடங்காது சார்."

"இதை முடிச்சுக் கொடு. இந்த ஷெட்டு முழுக்கப் பைப் வேலை இருக்கு. உனக்கே தரேன்."

கோவிந்தன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஜம்புலிங்கம் கும்பிடு போட்டுவிட்டு நடந்தான். கேட்டைத் தாண்டியதும் கோவிந்தன், "பைப் வேல மொத்தமும் குடுக்கறன்னாரு" என்றான்.

"கேட்டேன்."

"கேட்டல்ல?"

கோவிந்தன் முன்னால் நடந்து போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் கோவிந்தன் வந்து நின்றான். வண்டி ஜம்புலிங்கத்தின் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

"எங்கடா?"

"வார்னிஷ் கம்பெனிக்கு. நேத்து சாயந்தரம் ஊட்டுக்கு ஆள் அனுப்ச்சாரு."

"கழுவிட்டாங்களாமா?"

"கழுவிகினு கீறாங்களாம். நான் போறதுக்குள்ள தண்ணி ரொப்பி வெக்கிறாங்களாம்."

"யாரு சொன்னது?"

"வந்த ஆளு."

"வந்த ஆளா பத்த வெக்கப் போறான்?"

கோவிந்தன் வண்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே பேசினான். "அண்ணாத்தே, நான் உன்ன இதுவரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல. நீ வேணான்ன வேலையெல்லாம் நானும் வேணான்னேன். ஊட்ல கொயந்த கத்திகினே கீது. பாலு டின்னு காலி. வேலைக்கு மொத்தமா ஒரு தொக பேசியாச்சு. முடிச்சா இன்னைக்கே கையில குடுத்துடுவாரு."

"இரு, நானும் வரேன்."

"வோணாம். நீ வந்தா அவராண்ட மறுபடி நாயம் பேசுவ. வேல போயிடும்."

ஜம்புலிங்கம் நின்றான். அந்தச் சிலிண்டரைத் தனி ஆளாக வண்டியில் ஏற்ற முடியாது. கோவிந்தன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தான். ஜம்புலிங்கம் குனிந்து மறு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"வாசன வந்தா வெளிய வந்துடு" என்றான்.

"தெரியும்."

பத்து மணி வாக்கில் ஜம்புலிங்கம் எஸ்டேட் ரோட்டில் டீக்கடையில் இருந்தான். பெரிய சத்தம் ஒன்று கேட்டது. லாரி டயர் வெடித்தது என்றார் டீக்கடைக்காரர். ஜம்புலிங்கத்துக்கு அது டயர் இல்லை என்று தெரிந்தது. கிளாஸைக் கீழே வைத்தானா, கையோடு எடுத்துக்கொண்டு ஓடினானா என்று பின்னால் யோசித்துப் பார்த்தும் நினைவு வரவில்லை.

டேங்கின் மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கோவிந்தனை ஒரு சாக்கின் மேல் போட்டிருந்தார்கள். உயிர் இருந்தது. கம்பெனி வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஜம்புலிங்கம் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். தொட இடமில்லாமல் வெந்துபோயிருந்தது. சட்டையும் தோலும் ஒன்றாகிவிட்டிருந்தன. அமைந்தகரையைத் தாண்டும்போது கோவிந்தன் பேசினான்.

"தண்ணி ரொப்பல அண்ணாத்தே. ரொப்புனா டைம் ஆவும்னாரு. காஞ்சி போச்சு, பத்த வைன்னாரு."

"பேசாத."

"வாசன வந்துச்சு" என்றான் கோவிந்தன். அதுதான் கடைசி.

நாகவல்லி அழுததைவிட ஜம்புலிங்கத்தை அவள் பார்த்த பார்வைதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் போனபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். குப்பம்மா மட்டும் தினமும் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து இராமகிருஷ்ணன் ஆளனுப்பினார். இந்த முறையும் உட்காரச் சொன்னார். இந்த முறையும் டீ வந்தது. ஜம்புலிங்கம் தொடவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் அவர். கண்கள் உள்ளே போயிருந்தன. அவரும் சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது. "ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வரப்போறார். நான் என்ன சொல்றேன்னா, இந்த வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்தது நீ. கோவிந்தன் உன் ஆள். அப்படி நீ சொல்லிட்டா கம்பெனிக்குப் பிரச்சினை இல்லை. உனக்கும் ஒண்ணும் வராது, அதை நாங்க பார்த்துக்கறோம். வருஷத்துக்கு இங்க இருக்கிற வேலை எல்லாம் உனக்குத்தான்."

"அவன் என் ஆள் இல்ல சார். கூட்டாளி."

"தெரியும்பா."

"இந்த வேலய நான் எடுக்கல. முடியாதுன்னு உங்களாண்டதான் சொன்னேன்."

இராமகிருஷ்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் மெதுவாக. "அதனாலதான் கூப்பிட்டேன்."

ஜம்புலிங்கம் எழுந்து வந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னான். அதிலிருந்து எஸ்டேட்டில் அவனுக்கு வேலை நின்றது. அவனைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தச் சில பேரும், இப்போது வேலை இல்லையப்பா, இருந்தால் சொல்லியனுப்புகிறேன் என்றார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை.

பழைய கம்பெனியில் யூனியன் செகரட்டரியாக இருந்த ஜெயராமன் நாகவல்லியின் பேரில் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டுக் கொடுத்தார். வக்கீலும் அவரே பிடித்தார். கம்பெனி தரப்பில், கோவிந்தன் எங்களிடம் வேலை செய்தவன் இல்லை, சொந்தத்தில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன், அவனுக்கு நாங்கள் முதலாளி இல்லை என்று பதில் போட்டார்கள். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷம் ஓடியது. குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது.

ஜம்புலிங்கம் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முன்தினம் மாலையில் நாகவல்லி அவன் வீட்டுக்கு வந்தாள். காரியத்துக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. குப்பம்மா மணையை எடுத்துப் போட்டாள். நாகவல்லி உட்காரவில்லை.

"அண்ணே, நாளைக்கு உன்னக் கேப்பாங்களாம். தெனக்கூலியா, மொத்தக் கூலியான்னு."

ஜம்புலிங்கம் மணையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"தெனக்கூலின்னு சொன்னாக்கா கம்பெனி ஆளாயிடுமாம். மொத்தமாப் பேசிகினு செஞ்சாருன்னா ஒண்ணும் கெடைக்காதாம். ஜெயராமன் சார் இத்த உன்னாண்ட சொல்லச் சொல்லல. அவரு சொல்லவும் மாட்டாரு. நானாத்தான் வந்தேன்."

"அவன் என்னாண்ட மொத்தம்னுதான் சொன்னான்மா."

"எனுக்குத் தெரியும். என்னாண்டயும் அப்டித்தான் சொல்லிட்டுப் போச்சு." அவள் குரல் உயரவில்லை. "நீ பொய் சொல்லமாட்டேன்றதும் தெரியும். ஊரு பூரா தெரியும். ஒரு வாட்டி சொல்லு. மூணு புள்ளைங்க கீது."

அவள் போன பிறகு குப்பம்மா சோறு போட்டாள். அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "இன்னாய்யா செய்யப் போற?" என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. ஷெட்டுக்காரர்களிடம், மில்காரரிடம், மேனேஜரிடம் உண்மையைச் சொல்வதில் அவனுக்கு ஒரு நாளும் கஷ்டம் இருந்ததில்லை. நட்டம் தன்னுடையதுதான் என்று நினைத்துச் சொல்லிவந்தான். அந்த நட்டத்தில் பாதி கோவிந்தனுடையது என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்த பிறகு இப்போது மறுபடி ஒரு முறை நாகவல்லி வீட்டுச் சோற்றை வைத்துத் தான் யோக்கியனாக இருப்பதா என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் அவனும் நாகவல்லியும் ஜெயராமனும் பட்டணத்துக்கு பஸ் ஏறினார்கள். லேபர் ஆபீஸில் நீளமான ஓர் அறை. கோடியில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருக்க, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயராமன் பிடித்த வக்கீல் முதலில் கேட்டார். தண்ணீர் ரொப்பாதது, மேனேஜர் பத்த வைக்கச் சொன்னது, வேனில் கோவிந்தன் சொன்னது எல்லாவற்றையும் ஜம்புலிங்கம் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னான். கூலி எப்படி என்று கேட்டார்.

"தெனக்கூலிங்க" என்றான்.

ஜெயராமன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

கம்பெனி வக்கீல் வயசானவர். அவசரமில்லாமல் எழுந்தார்.

"இதே வேலையை முந்தின நாள் உங்ககிட்ட பேசினாங்க, இல்லையா?"

"ஆமாங்க."

"உங்களுக்குத் தினக்கூலி பேசினாங்களா?"

"நான் வேலையே எடுக்கலிங்க."

"சரி. கேஸ் செட், தள்ளுவண்டி எல்லாம் யாருடையது?"

"எங்க ரெண்டு பேருதுங்க."

"அன்னைக்கு அதை கோவிந்தன்தான் தள்ளிக்கிட்டுப் போனாரா?"

"ஆமாங்க. நான்தான் சிலிண்டர ஏத்தி வுட்டேன்."

"தினக்கூலிக்குப் போறவர் சொந்தத்தில் சிலிண்டர், கேஸ், வண்டி எல்லாம் தள்ளிக்கிட்டுப் போவாரா? அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்படி ஒருத்தரை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பொய் சொல்லிப் பழகியிருந்தால் ஜம்புலிங்கத்துக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். இவன் முகத்தில் வியர்வை வழிந்ததை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"இல்லிங்க" என்றான் கடைசியில்.

"அப்போ தினக்கூலின்னு சொன்னது?"

அவன் நாகவல்லி இருந்த பக்கம் திரும்பாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"அதை விடுங்க" என்றார் வக்கீல், கொஞ்சம் இரக்கமாகவே. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, கூலி விஷயத்தில் பொய் சொல்லுகிற சாட்சி, வேனில் இறந்தவர் பேசியதாகச் சொல்லுவதை மட்டும் எப்படி நம்புவது என்றார். கதவு சாத்திய வேனில் அந்தப் பேச்சைக் கேட்ட வேறு ஆள் இல்லை.

தீர்ப்பு வர இன்னும் சில மாதம் ஆனது. மனு தள்ளுபடி. கோவிந்தன் சுயமாகத் தொழில் செய்தவர், அவருக்கு முதலாளி என்று எவரும் இல்லை என்று எழுதியிருந்ததை ஜெயராமன் படித்துக் காட்டினார். மேலே போகலாம், ஆனால் பிரயோஜனம் இருக்காது என்றார்.

அன்றைக்கும் மூவரும் பஸ்ஸில்தான் திரும்பினார்கள். ஜெயராமன் பாதி வழியில் இறங்கிக்கொண்டார். ஜம்புலிங்கம் பின் சீட்டில் இருந்தான். மண்ணூர்பேட்டையில் இறங்கி நடக்கும்போது நாகவல்லி முன்னால் போனாள். தெரு பிரிகிற இடத்தில் நின்றாள்.

"அண்ணே."

அவன் நின்றான்.

"அன்னைக்கு மொதல்லயே அந்த வேலைய நீ எடுத்திருந்தா, இன்னைக்குக் குப்பம்மாதான் கோர்ட்டுல நின்னுகினு இருந்திருக்கும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெகுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவளைப் போலச் சொன்னாள். "அப்டி ஆவணும்னு எத்தினியோ நாளு நெனச்சிகினு இருந்தேன். இப்ப நெனைக்கறது இல்ல. அவ்ளோதான் சொல்லணும்."

அவள் போய்விட்டாள். ஜம்புலிங்கம் வீட்டுக்குப் போனான்.

கேஸ் செட்டை, அடிபட்டுக் கிடந்ததில் தேறினதை, அவன் விற்றுவிட்டான். வந்ததை முழுவதும் குப்பம்மா கையில் நாகவல்லிக்குக் கொடுத்தனுப்பினான். நாகவல்லி வாங்கிக்கொண்டாள். பிறகு குப்பம்மா சொல்லி அவளுக்கு அதே மருந்துக் கம்பெனியில் பாட்டில் கழுவுகிற வேலை கிடைத்தது. இருவரும் காலையில் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தார்கள்.

ஜம்புலிங்கம் சென்னீர்குப்பத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தான். பெங்களூர் ரோட்டை ஒட்டிய பட்டறை. முதலாளி வாயில் நல்ல வார்த்தையே வராது. தனியாகச் செய்தால் கிடைக்கிறதில் பாதிகூட அங்கே இல்லை. காண்ட்ராக்டில் ஒரு லாரி பாடியை மொத்தமாக எடுத்துச் செய்யேன், உனக்குத்தான் லாபம் என்று முதலாளியே ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். ஜம்புலிங்கம் வேண்டாம் என்றுவிட்டான்.

சேர்ந்த அன்றைக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வருகைப் பதிவில் தன் பேர் இருக்க வேண்டும் என்றான். சம்பளம் பேசாமல் இதைப் பேசுகிறானே என்று முதலாளிக்கு விநோதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது குப்பம்மாவும் அதையேதான் கேட்டாள்.

"அத்த எதுக்குக் கேட்ட?"

"நான் செத்தா, இவன் என் ஆளுன்னு சொல்றதுக்கு எவனாவது ஒருத்தன் இருக்கணும்ல" என்றான் ஜம்புலிங்கம்.

குப்பம்மா சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.